டீச்சரைக் கேளுங்க: பாட்டு கேட்டா பேச்சு வருமா?

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு 20 மாசம். நாங்க கோலாலம்பூர் செந்தூல்ல பிளாட்ல இருக்கோம், ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், மாமியார்தான் பாத்துக்குறாங்க. காலையில இருந்து போன்ல குழந்தைப் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், அவனும் ஆடுறான், ராகத்தைக்கூட அப்படியே முனகுறான். ஆனா தண்ணி வேணும்னா என் கையைப் பிடிச்சு பிரிட்ஜ்கிட்ட இழுத்துட்டுப் போவானே தவிர வாயைத் திறக்க மாட்டேங்குறான். "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்"னு மாமியார் சொல்றாங்க. இவ்வளவு பாட்டு கேட்டும் ஏம்மா பேச்சு வரல?

பதில்: கேக்குறான்ம்மா, ஆனா அவனை யாரும் கேக்கலையே. போன் பாடும், அவன் பதில் சொன்னாலும் பாடும், சொல்லலன்னாலும் பாடும், அப்புறம் அவன் எதுக்கு வாயைத் திறக்கணும்? 2003-ல பட்ரீசியா குல்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைச் சோதிச்சுப் பாத்தாங்க. இங்கிலீஷ் மட்டும் கேட்டு வளர்ற 9 மாசக் குழந்தைங்க முன்னாடி சீன மொழி பேசுற ஒருத்தர் உக்காந்து 12 தடவை கதை படிச்சு விளையாடினாங்க, இன்னொரு கூட்டத்துக்கு அதையே வீடியோவுல போட்டாங்க. நேர்ல பாத்த குழந்தைங்க சீன மொழிச் சத்தத்தைப் பிரிச்சுக் கண்டுபிடிச்சதுங்க, வீடியோ பாத்ததுங்க ஒன்னுமே கத்துக்கல! உலக சுகாதார நிறுவனமும் 2019-ல 2 வயசுக்குக் கீழ திரையே வேணாம்னுதான் சொல்லிச்சு.

நான் எஸ்டேட்ல பொறந்தவ. பிள்ளைங்களைப் பாத்துக்குற ஆயா கொட்டகையில வரிசையா தொட்டில் தொங்கும், ஆயாவுக்குக் குரல் தகர டப்பா மாதிரி இருக்கும், ஆனா எந்தத் தொட்டில்ல எந்தப் பிள்ளையோ அந்தப் பேரைப் போட்டுத்தான் பாடும். இப்போ எலெக்ட்ரிக் புவாயான், அதாவது கரண்ட் தொட்டில் வந்துருச்சு, சுவிட்சைத் தட்டினா அதுவே ஆட்டுது, நாம போனை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுறோம், ஆட்டம் இருக்கு பாட்டு போயிடுச்சு (எனக்கு அந்த மெஷின் மேல ஒரு கோவம், விடுங்க).

நீங்க பாட்டைக் குறைக்க வேணாம், போனைக் குறைங்க. ராத்திரி குளிக்க வைக்கிற நேரம் உங்களுக்குக் கிடைக்கும்ல, அது போதும். நான் பாலர் பள்ளியில எழுதி வச்ச நாலு வரி:

தண்ணி வருது சலசல
சோப்பு வழுக்குது வழவழ
தம்பி தொப்பை கொழுகொழு
தொடைச்சு விட்டா பளபள

அவன் முகத்தைப் பாத்து மெதுவா பாடுங்க, உங்க வாய் அசையுறதை அவன் பாக்கணும். ஒரு வாரம் இதே பாட்டுதான், உங்களுக்கு சலிச்சுப் போனாலும் அவனுக்கு சலிக்காது. அப்புறம் ஒரு நாள் "தண்ணி வருது..."ன்னு நிறுத்திட்டு சும்மா இருங்க. மனசுக்குள்ள 10 வரைக்கும் எண்ணுங்க. இந்த இடத்துலதான் எல்லாரும் தோக்குறோம், ரெண்டு எண்ணுறதுக்குள்ள நாமளே சொல்லிடுவோம். அவன் "ச"ன்னாலும் சரி, காலை உதைச்சாலும் சரி, அது பதில்தான், உடனே தண்ணியை ஊத்துங்க. அதே மாதிரி பிரிட்ஜ்கிட்ட இழுத்துட்டுப் போனா "தண்ணி"ன்னு சொல்லிக் கொஞ்சம் நில்லுங்க, ஆனா அழ வச்சு சொல்ல வைக்காதீங்க.

மாமியார்கிட்ட சண்டை வேணாம். அவங்களுக்கு உள்ளங்கையில பருப்பு கடையிற விளையாட்டு தெரியாமலா இருக்கும், அதை ஆடச் சொல்லுங்க. ஆனா அப்பன் லேட்டா பேசினான்னு சும்மா இருந்துடாதீங்க. 2 வயசுல கிட்டத்தட்ட 50 சொல்லாவது வரணும், "பால் வேணும்" மாதிரி ரெண்டு சொல்லைச் சேக்கணும். இப்பவே வார்த்தையே இல்லன்னா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பலன்னா, ரெண்டு வயசு வரைக்கும் காத்திருக்காம கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) காட்டுங்க, முதல்ல காது டெஸ்ட் கேளுங்க. ராகம் முனகுறான்னா கேக்குதுன்னுதான் தோணும், ஆனா சன்னமான சத்தம் எல்லாம் கேக்குதான்னு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்.

கேள்வி: பேத்தி வீட்டுல தமிழ், பாத்துக்குற சீன அம்மாகிட்ட ஹொக்கியன், மகன் இங்கிலீஷ், கார்ட்டூன்ல மலாய். குழம்பிடாதா? ஒரே மொழியில பாட்டு போதும்னு மருமக சொல்றா. (ஜெலுத்தோங் தாத்தா)

பதில்: பினாங்குல இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியா ஐயா! குழம்பாது. எத்தனை சொல் வருதுன்னு எண்ணும்போது எல்லா மொழியையும் சேத்து எண்ணணும், அவ்வளவுதான், தமிழ்ல 20, ஹொக்கியன்ல 20னா அவளுக்கு 40 சொல் இருக்கு. அந்த அம்மா ஹொக்கியன்லயே பாடட்டும், நீங்க தமிழ்ல பாடுங்க. தெரியாத மொழியில தடுமாறிப் பாடுறதுதான் வேணாம்.

கேள்வி: எனக்குப் பாடவே வராது டீச்சர், கழுதைக் குரல்.

பதில்: தாளம் போதும் தம்பி. கை தட்டிச் சொல்லுங்க, பிள்ளை மார்க் போடாது.

கேள்வி: மகளுக்கு 5 வயசு, "வாளப்பளம்"னு சொல்றா. தமிழ்ப்பள்ளியில ஒன்னாம் ஆண்டு போறதுக்குள்ள சரி பண்ணணும்.

பதில்: முதல்ல நீங்க சொல்லிப் பாருங்க, உங்களுக்கு வருதா? கோவிச்சுக்காதீங்க, நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு வராது. ழ ரொம்ப லேட்டா வர்ற சத்தம், 5 வயசுல வரலன்னா பயப்பட ஒன்னும் இல்ல. ள-வுக்கு நாக்கு மடங்கி மேல தொடும், ழ-வுக்கு மடங்கி நிக்கும் ஆனா தொடாது, இந்த "தொடாம நிக்கிறது"தான் கஷ்டம். மேல உள்ள குளியல் பாட்டைப் பாருங்க, சலசல, வழவழ, பளபள, மூனும் வேணும்னுதான் வச்சேன். கண்ணாடி முன்னாடி ரெண்டு பேரும் நின்னு பாடுங்க, நாக்கு எங்க போகுதுன்னு அவளே பாக்கட்டும். "தப்பு, திரும்பச் சொல்லு"ன்னு சொல்லவே சொல்லாதீங்க, அவ "பளம்"னா நீங்க "ஆமா, பழம்"னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடுங்க. பல்-பால், கல்-கால் மாதிரி ஜோடி சொல்லும் காருல போகும்போது விளையாடுங்க, நீங்க "பல்"னா அவ பல்லைத் தொடணும், "பால்"னா குடிக்கிற மாதிரி செய்யணும். குறில் நெடில் காதுல பிரிஞ்சுட்டா பள்ளியில எழுத்துக் கூட்டும்போது கஷ்டம் குறையும். சத்தம் பிரிக்கத் தெரிஞ்ச பிள்ளை சீக்கிரம் படிக்குதுன்னு நான் வகுப்புல வருஷா வருஷம் பாத்துருக்கேன், பாட்டு நிறைய தெரிஞ்சதுங்கதான் அதுல முன்னாடி நிக்கும். உங்களுக்கும் ழ வரலன்னா ரெண்டு பேரும் சேந்தே பழகுங்க, யாருக்கு முதல்ல வருதுன்னு அடுத்த மாசம் எழுதி அனுப்புங்க.