கையில் ஊமன்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் என் வேலை போய்விட்டது. அவளிடம் சொல்லவில்லை. வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். வழக்கம்போலப் பேசினேன், வழக்கமான நேரத்துக்கு வெளியே கிளம்பினேன். இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் வழியாக அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வேலை போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. உன் வாழ்க்கையில் நான் யார் என்று இப்போதுதான் தெரிந்தது" என்றாள். அதற்குப் பிறகு பேசுவதில்லை.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. தாங்கி நிற்பவன்தானே ஆண்? 'வினையே ஆடவர்க்கு உயிரே' என்று குறுந்தொகையே சொல்கிறது. வேலை இல்லாதவன் எந்த முகத்தோடு போய் நிற்பது? காதலன் உருகுவது கவிதையில் அழகாகத்தான் இருக்கிறது. நேரில் உருகினால் நண்பர்கள் சிரிக்கிறார்கள், பெண்களும் ரசிப்பதில்லை. இலக்கியம் ஆண்களை ஏமாற்றுகிறதா? எல்லாவற்றையும் விளக்கி அவளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? குறுந்தொகையை முழுதாகப் படிக்க எந்த உரை நல்லது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் காட்டிய மேற்கோளிலிருந்தே தொடங்குகிறேன். அது குறுந்தொகை 135ஆம் பாட்டு. பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. 'வினையே ஆடவர்க்கு உயிரே. வாணுதல் மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிர்.' மேடையில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டு வாங்கிவிடுவார்கள். நீங்கள் அதற்கும் முன்பே நிறுத்திவிட்டீர்கள். பாட்டோ இன்னும் போகிறது: 'என நமக்கு உரைத்தோரும் தாமே, அழாஅல் தோழி, அழுங்குவர் செலவே.'

பேசுவது தோழி. பொருள் தேடப் போய்விடுவானோ என்று கலங்கி நிற்கும் தலைவியிடம் பேசுகிறாள். இப்படியெல்லாம் நம்மிடம் சொன்னவரே அவர்தானே, அழாதே, பயணத்தை நிறுத்திவிடுவார் என்கிறாள். அவன் எப்போதோ பெருமையாகச் சொன்னதன் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு அவனையே மடக்குகிறாள். ஆண்மைக்கு இலக்கணம் என்று நாம் ஒப்பிக்கும் வரி, பாட்டுக்குள் அவனுக்கு எதிரான சாட்சியாகத்தான் வருகிறது. பெண்களுக்கு ஆண்தான் உயிர் என்பதையும் அவன்தான் சொல்லியிருக்கிறான், அவள் சொல்லவில்லை. இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரிக்கிற நண்பர்களும் புதியவர்கள் இல்லை. 58ஆம் பாட்டு 'இடிக்கும் கேளிர்' என்று அவர்களை விளித்துத்தான் தொடங்குகிறது. காதலில் தளர்ந்துபோனவனை நண்பன் கடிந்துகொள்கிறான். அதற்கு அவன் சொல்லும் பதில்தான் பாட்டு. வெயிலில் கொதிக்கும் பாறைமேல் வெண்ணெயை வைத்து, கையும் இல்லாத, பேசவும் முடியாத ஒருவனைக் காவலுக்கு உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? 'கையில் ஊமன் கண்ணின் காக்கும் வெண்ணெய்.' உருகி ஓடுவதை அவன் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எடுத்து வைக்கக் கை இல்லை, யாரையாவது கூப்பிட வாய் இல்லை. ஆணின் இயலாமையைப் பற்றி இதைவிடக் கடுமையான ஒரு படத்தை நான் படித்ததில்லை. எழுதியவர் வெள்ளிவீதியார், ஒரு பெண். ஆண் தன்னைப் பற்றிச் சொல்லத் தயங்கியதை எழுத ஒரு பெண் வரவேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சரி, அது என் கற்பனையாக இருக்கலாம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்தப் பாட்டில்தான் இருக்கிறது. அவன் இதையெல்லாம் யாரிடம் சொல்கிறான்? நண்பனிடம். அகப்பாடல்களில் ஆண் உருகுகிறான், அஞ்சுகிறான், இரண்டு மனமாக அல்லாடுகிறான், உண்மைதான். ஆனால் அந்தத் தவிப்பைக் கேட்பது அவன் நெஞ்சு, பாங்கன் எனப்படும் நண்பன், தேரோட்டும் பாகன், சில நேரம் தோழி. தலைவியிடம் நேராகப் பேசும் பாட்டுகளும் உண்டு. 'யாயும் ஞாயும் யாராகியரோ' அப்படிப்பட்டதுதான். ஆனால் அங்கே பயந்திருப்பவள் அவள், அவன் தேற்றுகிறான். பயம் அவனுடையதாக இருக்கும்போது பெரும்பாலும் அவள் பக்கத்தில் இல்லை. நமக்குக் கேட்பது அவளுக்குக் கேட்பதில்லை. அவன் உருக்கத்தை முழுதாக அறிந்தவர்கள் வாசகர்களாகிய நாம்தான். நீங்களும் இரண்டு மாதம் நெஞ்சோடும் பாங்கனோடும் பேசிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அவள் அந்தப் பட்டியலில் இல்லை. அவள் கேட்டதும் அதைத்தான்.

இலக்கியம் ஏமாற்றுகிறதா என்றால், அது ஒரே குரலில் பேசுவதில்லை, அவ்வளவுதான். 'பெண்வழிச் சேறல்' அதிகாரத்தில் மனைவிக்கு அஞ்சுகிறவனை வள்ளுவர் வாங்கு வாங்கென்று வாங்குகிறார். அதே நூலின் காமத்துப்பாலில் ஒருவன், போர்க்களத்தில் பகைவர் அஞ்சும் என் வலிமை இவள் நெற்றிக்கு உடைந்துபோயிற்றே என்கிறான். எதை எடுத்து வைத்துக்கொள்கிறோம் என்பது நம் வசதி.

எந்த முகத்தோடு போய் நிற்பது என்று கேட்டீர்கள். அப்படி ஒருவன் போய் நின்றிருக்கிறான். சிலப்பதிகாரத்தில், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வீடு திரும்பும் கோவலன் கண்ணகியிடம் சொல்வது: 'இலம்பாடு நாணுத் தரும் எனக்கு.' இந்த வறுமை எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு வணிகன் வீட்டுப் பிள்ளை இதை வாய்விட்டுச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. (அதே மூச்சில் மாதவியை வஞ்சகி என்று சொல்லிப் பாதிப் பழியை அவள் தலையில் இறக்குகிறான். ஒப்புக்கொள்ளும்போதும் கொஞ்சம் தள்ளிவிடுவது நமக்கெல்லாம் கைவந்த கலை.) கண்ணகி சிரித்த முகத்தோடு சொல்லும் பதில், 'சிலம்புள கொண்ம்.' சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் கதை உத்தரவாதம் தரவில்லை. ஆனால் கிளம்பியபோது இருவரும் சேர்ந்துதான் கிளம்பினார்கள். மதுரையில் 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்', யாரும் மெச்சாத நடத்தை உங்களுடையது, என்று அவன் முகத்துக்கு நேராக அவளால் சொல்ல முடிந்தது.

உங்கள் காதலி கண்ணகி மாதிரி இருப்பார் என்று நான் சொல்லவில்லை, இருக்க வேண்டும் என்றும் இல்லை. அவரை எனக்குத் தெரியாது. சில பெண்கள் தளர்ந்துபோன ஆணைப் பார்த்து விலகுவதும் நடக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் அது நடந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் உங்கள் தளர்வைப் பார்க்கவே இல்லையே.

அந்த நீண்ட கடிதத்தை அனுப்பாதீர்கள். டால்ஸ்டாய் 1862இல் திருமணத்துக்கு முன் தன் நாட்குறிப்புகளை சோஃபியாவிடம் கொடுத்தார். அவருக்கு 34 வயது, சோஃபியாவுக்கு 18. பழைய உறவுகள் எல்லாம் அதில் இருந்தன. 'அன்னா கரீனினா'விலும் லெவின் கிட்டியிடம் அப்படியே கொடுக்கிறான், அவள் அழுகிறாள். நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவருக்குப் பாரம் இறங்கியது, வாங்கியவருக்கு ஏறியது. இரண்டு மாத மௌனத்துக்குப் பிறகு பக்கம் பக்கமாக விளக்கம் போனால் அவருக்கும் அப்படித்தான் இருக்கும். படித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையையும் அவரிடமே கொடுப்பீர்கள். நேரில் பேசச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். சம்மதித்தால் வேலை போன அன்று என்ன பயந்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள், அவர் பேசும்போது குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள். மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

குறுந்தொகைக்கு உ.வே.சா. 1937இல் வெளியிட்ட உரைப் பதிப்பையே படிக்கலாம். கடவுள் வாழ்த்தைச் சேர்க்காமல் 401 பாட்டு, பெரும்பாலும் எட்டு வரிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு பாட்டோடும் யார் யாரிடம் சொன்னது என்ற குறிப்பு இருக்கும். முதலில் அதைப் படியுங்கள், பிறகு பாட்டுக்குப் போங்கள்.