இரண்டெழுத்துத் தீவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழங்குடி மக்களுக்கென்று, 'டாட் காம்' போல, ஒரு தனி இணையப் பெயர்வெளி வேண்டும் என்ற யோசனையைப் படித்தேன். இணையத்தில் எல்லோரும் சமம்தானே, எதற்குத் தனி வேலி? அது அவர்களை இன்னும் ஒதுக்கிவைக்காதா? தவிர, பழங்குடி, தொல்குடி, ஆதிகுடி இவற்றில் எது சரியான சொல்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சொல்லாராய்ச்சியை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அப்படியே நாமும் சொன்னால் போதும்.

'எல்லோரும் சமம்தானே' என்றீர்களே, அதுதான் சுருக்கென்றது. அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களுக்கு 1821 முதல் சொந்த எழுத்து உண்டு. செக்வோயா என்ற ஒரு மனிதர் தனியாளாக உட்கார்ந்து உருவாக்கியது. முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பிறகு எந்தெந்த எழுத்துகள் வரலாம் என்று, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் தமிழ் உண்டு, செரோக்கி இல்லை. நமக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆகவே நாம் சமத்துவம் பேசுகிறோம். கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

வேலி பழைய சங்கதி. நியூசிலாந்தில் 'இவி டாட் என்இசட்' என்ற பகுதியில் அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிக் குலங்கள் மட்டுமே பெயர் பதிய முடியும். 2002இல் வந்த 'மாவோரி டாட் என்இசட்' எல்லோருக்கும் திறந்தது. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன, யாரும் ஒதுங்கிப் போய்விடவில்லை. ஒரு சின்ன விஷயம் பாருங்கள். ரோமன் எழுத்தில் மாவோரி என்று எழுதும்போது 'ஏ'யின் தலையில் ஒரு கோடு போடுவார்கள், நெடில் என்று காட்ட. அந்தக் கோட்டோடு முகவரியைத் தட்டினால், பெயர்களைத் தேடித்தரும் கணினிகளுக்கு அது 'எக்ஸ்என், இரண்டு இடைக்கோடு, மோரி, ஓர் இடைக்கோடு, க்யூஎஸ்ஏ' என்றுதான் போய்ச் சேரும். ஓர் இனத்தின் பெயர் வண்டி எண் மாதிரி ஆகித்தான் கம்பிக்குள் நுழைகிறது.

அமெரிக்காவிலும் பழங்குடி அரசுகளுக்குத் தனி முகவரி உண்டு. ஆனால் கூட்டரசோ மாநில அரசோ அங்கீகரித்த இனங்களுக்குத்தான். நிலத்தை எடுத்துக்கொண்டவனே வாசலில் நின்று 'நீ யார், சான்று கொண்டுவந்தாயா' என்று கேட்கிறான். உங்கள் ஒதுக்கல் கவலை இங்கே பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன்.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு வேலைக்காக 'டாட் ஐஓ' என்று முடியும் முகவரி ஒன்று வாங்கினேன். உள்ளீடு, வெளியீடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம், கணினிக்காரர்களின் செல்ல எழுத்துகள் என்றுதான் எண்ணியிருந்தேன். கொஞ்சம் பெருமைகூட. இரண்டு தடவை பணம் கட்டிப் புதுப்பித்த பிறகு, வேறு எதையோ தேடும்போது அதன் விரிவு கண்ணில் பட்டது: பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் பிரதேசம். சாகோஸ் தீவுகள்!

1965இல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரீசியசிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டது. 1968 முதல் 1973க்குள் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அத்தனை பேரையும் மொரீசியசுக்கும் சீஷெல்சுக்கும் கப்பலேற்றியது. அந்தத் தீவுகளில் ஒன்றான டியகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் வர வேண்டுமே. அவர்கள் வளர்த்த நாய்களை ஒரு கொட்டகைக்குள் அடைத்து வண்டிப் புகை விட்டுக் கொன்றார்கள். ஆட்களை அகற்றிக் கால்நூற்றாண்டு கழித்து, 1997இல், அந்தத் தீவின் பெயருக்கு இரண்டெழுத்து இணைய முகவரி பிறந்தது. உலகெங்கும் புதுத் தொழில் தொடங்கியவர்கள் ஆளாளுக்கு வாங்கினார்கள், நானும்தான். மண்ணுக்கே திரும்ப முடியாதவர்கள், அந்தப் பெயர் ஈட்டும் பணத்திலாவது பங்கு கொடு என்று முறையிட வேண்டியிருந்தது.

நியூவே தீவின் கதையும் இதற்குத் தம்பிதான். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத பசிபிக் தீவு. அதன் 'என்யு' என்ற முகவரி சுவீடன்காரர்களிடம் சக்கைப்போடு போட்டது. அந்த இரண்டெழுத்தையும் சேர்த்து 'நு' என்று படித்தால் அவர்கள் மொழியில் 'இப்போது'. அந்த முகவரியைத் திரும்பக் கேட்டு நியூவே அரசு சுவீடன் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

இணையப் பெயரை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை, ஆர். வாடகைக்குத்தான் எடுக்கிறோம், கட்டாவிட்டால் போய்விடும். புள்ளிக்குப் பின்னால் ஒரு புதுப் பெயர் கேட்டு விண்ணப்பிக்கவே 2012இல் 1,85,000 டாலர் கட்டணம். பிறகு 2,27,000 ஆக்கினார்கள். அதைப் பழங்குடிகளுக்காகக் கட்டப்போவது யார், கட்டியவர் கையில் சாவி இருக்குமா, பத்து ஆண்டு கழித்து அவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றினால் தடுக்க யாருக்கு அதிகாரம்? அந்த யோசனையைப் படித்தபோது இதையெல்லாம் தேடிப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். 'தனி வேலி எதற்கு' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அக்கறையோடு கேட்டீர்கள் என்று தெரியும். நானும் இரண்டு ஆண்டு தாண்டித்தான் போனேன்.

புதுப்பிக்கச் சொல்லி நேற்றுதான் மின்னஞ்சல் வந்தது. இன்னும் பணம் கட்டவில்லை.