62 வயசுல மறுபடி சம்பாதிக்கறேன், மாசம் 5,000 யூலிப்ல போடலாமா?

கேள்வி: எனக்கு 62 வயசுங்க, ஊரு திருப்பூர். முன்னாடி பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாத்துட்டு இருந்தேன், பேத்தி பொறந்ததும் நின்னுட்டேன். வீட்டுக்காரர் தவறினப்பறம் சும்மா சுவத்தை பாத்துட்டு உக்காந்திருக்க முடியல, மறுபடி போக ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆகப் போகுது. ஷிப்ட்டுக்கு 450 ரூபா. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வந்தா பேத்தி "அப்பத்தா, போட்டாச்சா"ன்னு கேப்பா, அப்ப தான் நானும் ஒரு ஆளுன்னு தெம்பு வருது. பையன் ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கான், அவனுக்காக 2023-ல என் 10 பவுன் நகையை பேங்க்ல 2 லட்சத்துக்கு வெச்சேன், அடுத்த வருஷம் மாத்தி வெச்சப்ப 2.7 லட்சம், போன வருஷம் 4 லட்சம். போன தடவை வட்டி நான் தான் கட்டினேன். அடுத்த மாசம் மாத்தறப்ப இன்னும் ஒரு லட்சம் சேத்து வாங்கித் தர சொல்றான். எஃப்டி 1.5 லட்சம் இருக்கு. பேங்க்ல ஒருத்தர் மாசம் 5,000 யூலிப்ல கட்டுங்க, பத்து வருஷத்துல டபுள்னு சொல்றார், சேரலாங்களா?

பதில்: யூலிப் வேண்டாம்மா, அது இன்சூரன்ஸையும் ஷேர் மார்க்கெட் மாதிரி முதலீட்டையும் ஒண்ணா சேத்த பாலிசி. அஞ்சு வருஷத்துக்கு அந்த பணத்தை தொட முடியாது, உங்க வயசுக்கு இன்சூரன்ஸுக்குன்னு பிடிக்கறதும் ஜாஸ்தி, டபுள் ஆகும்னு யாரும் எழுதி குடுக்க மாட்டாங்க. நகையை மாத்தி வைக்க வந்த அம்மாகிட்ட பாலிசி விக்கறத பாத்தா எனக்கு நெஜமாவே கோவம் வருது. ஆனா உங்க காசு போற ஓட்டை அது இல்ல.

நகையை அடகு வெச்சதுல தப்பே இல்ல, அவசரத்துக்கு தானே நகை. மாத்தி வெக்கறப்ப எல்லாம் கூட வாங்கறீங்க பாருங்க, அது தான் ஓட்டை. 2023-ல பவுன் 45,000 பக்கம் இருந்துச்சு, 2025 அக்டோபர்ல 90,000-ஐ தாண்டிடுச்சு, அதனால அதே நகைக்கு பேங்க் கூட குடுக்குது, பையனும் ஏதோ லாபம் வந்த மாதிரி அதை வாங்கிக்கறான். உங்க நகை ஒரு குண்டுமணி கூடல, கடன் மட்டும் ரெட்டிப்பாயிடுச்சு. நாளைக்கு விலை இறங்கினா பேங்க் வித்தியாசத்தை கட்ட சொல்லும், கட்டலைன்னா ஏலம்.

வட்டி சுமாரா 10 சதவீதம்னு வெச்சுக்குவோம். 4 லட்சத்துக்கு வருஷம் 40,000. உங்க 450 ரூபா ஷிப்ட்ல அது 89 ஷிப்ட், வாரம் ஆறுன்னா கிட்டத்தட்ட 15 வாரம். மூனரை மாசம் டியூப் லைட் அடில நின்னுட்டு ஒவ்வொரு பீஸா திருப்பி ஓட்டை, கறை, தையல் பிரிஞ்சது பாக்கறீங்களே, அது மொத்தமும் வட்டிக்கு, அசல்ல பத்து பைசா குறையாது. இதை எழுதறப்பவே எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

அதனால அடுத்த மாசம் புதுசா ஒரு ரூபா கூட வாங்காதீங்க. இந்த வருஷ வட்டி 40,000 பையன் கட்டணும், அவன் தொழிலுக்கு வாங்கின கடன் அது. எஃப்டில ஒரு லட்சத்தை எடுத்து அசல்ல கட்டிடுங்க. எஃப்டில உங்களுக்கு ஏழு சதவீதம் வந்தா பெருசு, போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்துலயே 8.2 தான், நீங்க கட்டறது பத்து. மிச்சம் 50,000-ஐ தொட வேண்டாம். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப ஆர்டர் என்ன ஆச்சுன்னு திருப்பூர்ல இருக்கற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஷிப்ட் இல்லாத மாசத்துக்கு அது வேணும்.

இப்ப 3 லட்சம் நிக்குது. மாச வட்டி 2,500-ஐயும் அசலுக்கு 5,000-ஐயும் பையன் கட்டட்டும், யூலிப்புக்குன்னு வெச்ச 5,000-ஐ நீங்க அசலுக்கு கட்டுங்க. ரெண்டு பேரோடதும் சேந்து வருஷம் 1.2 லட்சம் அசல்ல கழியும், ரெண்டரை வருஷத்துல, 65 ஆகறதுக்குள்ள நகை வீட்டுக்கு வந்துரும். பேங்க்ல முதல்ல வட்டிக்கு எடுத்துட்டு மிச்சத்தை தான் அசல்ல கழிப்பாங்க, அதனால பையன் வட்டிய விட்டுட்டான்னா உங்க 5,000-மும் அதுலயே கரைஞ்சுரும், மாசா மாசம் கேளுங்க.

இன்னொன்னு, இந்த தடவை மாத்தறப்ப மொத்த நகையையும் ஒரே லோன்ல வெக்காம ரெண்டு லோனா பிரிச்சு வைங்க. சின்னதை முதல்ல அடைச்சா அந்த நகையாவது சீக்கிரம் கைக்கு வரும்.

பையன் "தொழில் நின்னுரும்மா"ன்னு சொல்லலாம். யூனிட்டோட கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்து உங்க முன்னாடி உக்கார சொல்லுங்க. பீஸ் எண்ணி வாங்கறவங்க நீங்க, எந்த கம்பெனி பில்லுக்கு பணம் தராம இழுக்குதுன்னு பாத்தா உங்களுக்கே தெரியும், அதை வசூல் பண்ணாலே அவன் கேக்கற ஒரு லட்சம் அங்க இருந்து வரலாம்.