கரி குறைந்தால் சூடு கூடுமா?

கேள்வி: கரி படிந்த வினையூக்கியை (வேதிவினையை வேகப்படுத்தும் பொருளை), 1 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனால் எரித்து மீட்பதைக் கணினியில் கணக்கிடுகிறேன். வெப்பநிலை ஏற்றம் 127 டிகிரியைத் தாண்டாது என்று வருகிறது. ஆலைத் தரவிலோ 200ஐத் தாண்டுகிறது, அதுவும் கரி குறைந்த படுகையில் (வினையூக்கித் துகள்கள் நிரப்பிய அடுக்கில்)! எங்கே தவறு?
– பொறியியல் மாணவி, நிபோங் திபால்

பதில்: 127 சரிதான். ஒரு மோல் கார்பன் முழுதாக எரிந்தால் 394 கிலோஜூல். ஆக்சிஜன் 1 சதவீதமே என்பதால், அதில் நூறில் ஒரு பங்கை ஒரு மோல் நைட்ரஜனின் வெப்பக் கொள்ளளவான (ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பமான) 31 ஜூலால் வகுத்திருக்கிறீர்கள். விட்டுப்போனது, எரியும் முனை, அதாவது கரி எரிந்துகொண்டிருக்கும் மெல்லிய பகுதி, நகர்கிறது என்பது. கரி தீரத் தீர அது படுகையில் கீழே இறங்குகிறது. வாயு சுமக்கும் வெப்பமும் ஓர் அலையாக அதே திசையில், அதைவிட வேகமாகப் போகிறது. இரண்டின் வேகமும் நெருங்கினால் வெப்பம் முனையிலேயே குவியும்.

ஒரு கிலோ வினையூக்கியில் 3 சதவீதக் கரி என்றால் 30 கிராம், 2.5 மோல். அதை எரிக்க 250 மோல் வாயு வேண்டும். அந்த வாயுவின் வெப்பக் கொள்ளளவு டிகிரிக்கு 7.75 கிலோஜூல், வினையூக்கியுடையது ஏறத்தாழ 1. ஆக, முனையின் வேகம் வெப்ப அலையின் வேகத்தில் 0.13 பங்கு. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.87; 127ஐ அந்த 0.87ஆல் வகுத்தால் ஏற்றம் 146 டிகிரி. கரி 1 சதவீதமே என்றால் அந்தப் பங்கு 0.39 ஆகிறது, ஏற்றம் 207! 400 டிகிரியில் வாயுவை விட்டால் உள்ளே 600. பிளாட்டினம்–அலுமினா வினையூக்கிக்கு இது ஆகவே ஆகாது, பிளாட்டினத் துகள்கள் ஒன்றுசேர்ந்து பெருத்துவிடும். அதே படுகையில் ஆக்சிஜனை 0.5 சதவீதமாக்கினால் ஏற்றம் 79தான்.

எனவே திடப்பொருளின் வெப்பச் சமன்பாட்டை, நேரத்தோடு மாறுவதாகத் தனியே எழுதுங்கள். முனை மிக மெல்லியது. கணினியில் படுகையைப் பிரிக்கும் கணக்கீட்டுக் கட்டங்கள் அகலமாக இருந்தால் வெப்பநிலையின் உச்சம் மழுங்கிவிடும். கட்டங்களைப் பாதியாக்கியும் உச்சம் மாறாவிட்டால்தான் விடையை நம்பலாம்.

இன்னொன்று: கரி எரிதலை ஆராய்ந்த வெய்ஸும் குட்வினும் 1960களில் கண்ட கிளர்வு ஆற்றல் (வினை தொடங்கத் தேவையான ஆற்றல்), மோலுக்குச் சுமார் 157 கிலோஜூல், எல்லா வெப்பநிலைக்கும் பொருந்தாது. சூடு கூடினால் ஆக்சிஜன் துகளின் நடுவை எட்டுமுன் தீர்ந்து, கரி வெளியிலிருந்து உள்நோக்கி எரியும். அப்போது வேகம், ஆக்சிஜன் துகளுக்குள் ஊடுருவும் பரவலின் கையில்.

கேள்வி: உச்சம் ஏறும்போது, உள்ளே விடும் வாயுவின் சூட்டைக் குறைத்தால் போதாதா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: கூடாது. குளிர்ந்த வாயு மேற்பகுதியில் எரிதலைத் தணிக்கும். எரியாத ஆக்சிஜன் கீழே சூடாக இருக்கும் கரியை எட்டி, உச்சம் சிறிது நேரம் இன்னும் ஏறும். முதலில் ஆக்சிஜனைக் குறையுங்கள், தேவைப்பட்டால் அடியோடு நிறுத்துங்கள். நைட்ரஜன் ஓட்டத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். வெப்பத்தை வெளியேற்ற அது ஒன்றுதான் வழி.