எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது, வைஃபை மட்டும் பச்சை

ஃபைபர் நெட் பெட்டியில் வைஃபை விளக்கு பச்சை, பான் (நெட் நிறுவனத்தோடு உள்ள இணைப்பைக் காட்டும் விளக்கு) அணைந்திருக்கிறது, எல்ஓஎஸ் (ஒளி வராததைக் காட்டும் விளக்கு) சிவப்பாக மினுக்குகிறது, போன் இணைந்தும் நெட் இல்லை என்கிறீர்கள். கோளாறு வைஃபையில் இல்லை. வைஃபை விளக்கு பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் உள்ளதை மட்டுமே சொல்லும். உங்களுக்கு ஃபைபரில் ஒளியே வந்து சேரவில்லை.

ரீசெட் ஓட்டையில் ஊசியை விட்டுவிடாதீர்கள். நெட் நிறுவனம் பெட்டியில் போட்டு வைத்த பிபிபிஓஇ (உள்நுழைவு) பயனர் பெயர், விலேன் (இணைப்புத் தடம்) எண் எல்லாம் அழிந்தால், ஒளி திரும்பினாலும் நெட் வராது.

பவரை அணைத்துவிட்டு, பின்னால் உள்ள பச்சை முனை ஃபைபரைக் கழற்றி 'டக்' என்று விழும்வரை திரும்பச் செருகுங்கள். முனையைத் தொடாதீர்கள், எட்டியும் பார்க்காதீர்கள்: பெட்டி அணைந்திருந்தாலும் மறுமுனையிலிருந்து வரும் லேசர் நிற்காது, அது கண்ணுக்கும் தெரியாது. நீல முனை ஒயரை மாற்றிப் போடவும் வேண்டாம். பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, இரண்டும் ஒட்டாது. ஒயர் எங்காவது மேசைக்காலில் நசுங்கியிருக்கிறதா, சுவர் மூலையில் சட்டென்று மடிந்திருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும். வளைவின் ஆரம் 3 செ.மீ.க்குக் குறையாமல் தளர்த்தி விடுங்கள்.

இப்போது பான் மினுக்கினால் நல்ல சகுனம்: ஒளி வந்துவிட்டது, பதிவு நடக்கிறது. சில நிமிடத்தில் நிலைத்து எரிய வேண்டும். எல்ஓஎஸ் அப்படியே சிவப்பாக இருந்தால் நெட் நிறுவனத்தின் ஆளை வரச்சொல்லி, வரும் ஒளியின் வலிமையைப் பவர் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். -20 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) சுற்றி இருந்தால் நிம்மதி; -27ஐத் தாண்டிக் கீழே போனால் வெளியே இணைப்பையோ பிளவுப்பெட்டியையோதான் (ஒரு ஃபைபரின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர்) பார்க்க வேண்டும், புது ரூட்டர் வாங்கிப் பயனில்லை.