சட்டம் படிக்க அரசுப் பல்கலைக்கழகமா, தனியார் கல்லூரியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த தம்பி ஒருவர், சட்டம் படிக்கக் கோலாலம்பூரில் எங்கே சேரலாம் என்று கேட்டிருக்கிறார்.

கட்டடத்தையும் விளம்பரத்தையும் விடுங்கள் தம்பி, சிஎல்பி தேர்வைப் பாருங்கள். சட்டப் பட்டதாரிகள் சிலர் வழக்கறிஞராகும் முன் தேற வேண்டிய தகுதித் தேர்வு அது. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பாங்கி என்ற ஊரில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகத்திலோ எல்எல்பி என்ற சட்டப் பட்டம் முடித்தால் அந்தத் தேர்வே வேண்டாம். நேரே 9 மாதச் சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி. தனியார் கல்லூரிகள் சில, லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் பாடம் நடத்துகின்றன. பட்டம் நல்லதுதான். ஆனால் இங்கிலாந்துக்குப் போய் பாரிஸ்டர் ஆகாவிட்டால், அப்புறம் சிஎல்பி எழுதியாக வேண்டும். அதில் தேறாமல் வருடக்கணக்கில் நிற்பவர்கள் உண்டு. கட்டணத்தோடு கோலாலம்பூர் அறை வாடகையையும் வீட்டில் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். எங்கே படித்தாலும் மலாய் மொழித் தகுதி கேட்பார்கள், அதில் அலட்சியம் வேண்டாம்.

என்னைக் கேட்டால், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பத்தில் மலாயா முதலில், தேசியப் பல்கலைக்கழகம் அடுத்து.