சமம் எங்கே? – கியூப நடன இசை பற்றி ஒரு கடிதம்

வணக்கம். இராக்கெரே என்ற கியூப இசைக்குழுவைக் கொஞ்ச நாளாகக் கேட்கிறேன். சல்சாதானே என்று தாளம் போட்டால் கை தவறிவிடுகிறது. பாட்டா மேளங்கள் நுழைந்துவிட்டால் சமமே, அதாவது தாளச் சுற்றின் முதலடியே, பிடிபடுவதில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?
கே.

அன்புள்ள கே.,

நீங்கள் பாஸ் கிட்டாரைப் பின்தொடர்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அது ஏமாற்றும். நான்கடிச் சுற்றில் பாஸ் பெரும்பாலும் முதலடியில் விழாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒருமுறை, நான்கில் ஒருமுறை விழும். நான்கில் விழுந்த சுரம் அடுத்த சமத்தைத் தாண்டி நீளும். அதைச் சமம் என்று எடுத்தால் ஓரடி முந்திவிடுவீர்கள்.

பிடிக்கவேண்டியது கிளாவே, முழு இசைக்கும் அடித்தளமான ஐந்து தட்டு வரிசை. இரண்டு சுற்றை 16 அரையடிகளாக எண்ணி 1, 4, 7, 11, 13-இல் தட்டுங்கள். அது சோன் கிளாவே. 7-ஐ 8-க்குத் தள்ளினால் ரும்பா கிளாவே. முதல் சுற்றில் மூன்று தட்டு, அடுத்ததில் இரண்டு. பாட்டு மூன்று தட்டுப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம், இரண்டு தட்டுப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம். மெட்டும் பியானோவும் தவறான பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் 'குருசாடோ' (குறுக்கே போனது) என்பார்கள். கியூபக் கலைஞர்களிடம் அது சாதாரணப் பிழையல்ல.

பாட்டா, ஆப்பிரிக்க வேர்கொண்ட கியூப மதமான சாந்தேரியாவின் வழிபாட்டு மேளம். 1936-இல் கியூப ஆய்வாளர் ஃபெர்னாந்தோ ஓர்த்திஸ் ஹவானாவில் அதைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். 1973-இல் பியானோ கலைஞர் சூச்சோ வால்தேஸ் தொடங்கிய இராக்கெரே அதைப் பித்தளைக் கருவிகளோடும் மின் கிட்டாரோடும் உட்காரவைத்தது. மேளம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம், மடியில் கிடத்தி வாசிப்பார்கள். சிறியது ஒகோன்கோலோ, அதிகம் மாறாமல் காலம் காக்கும். நடுவிலுள்ளது இதோதெலே, பதில் சொல்லும். பெரியது இயா. பேசுவதும் அடுத்த மாற்றத்துக்கு அழைப்பதும் அதன் வேலை.

சிக்கல் இங்கேதான். பாட்டாவின் பல தோக்கேகள் (வாசிப்பு அமைப்புகள்) நம் திஸ்ர நடைபோல அடிக்கு மூன்றாக ஓடும், சல்சா அடியை இரண்டு, நான்காகப் பிரிக்கும் சதுஸ்ரம். அதனால் நடனக் குழுக்கள் சாச்சாலொக்கேஃபுன் போன்ற சதுஸ்ரத் தோக்கேயை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் அந்தப் பகுதியை முழுக்கத் திஸ்ரத்துக்கு மாற்றிவிடும். இன்னொரு தொல்லை காங்கா என்ற உயரமான கை மேளம். அதன் திறந்த (ஒலி நீளும்) தட்டுகள் நான்காம் அடியில் விழும், பாஸும் அங்கேயே. இயாவின் பெரிய முகமும் சேர்ந்தால் கீழ்ஒலி சேறாகிவிடும். காங்காக்காரர் தன் தட்டுகளைக் குறைக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். வெறும் அலங்காரத்துக்குப் பாட்டாவைச் சேர்த்த குழுக்களை இங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

இராக்கெரேவைச் சிறிது ஒதுக்கிவைத்து, சாதாரண சல்சாவில் தொடங்குங்கள். குழுப்பல்லவி திரும்பத்திரும்ப வரும் மோந்துனோ பகுதியில் பாங்கோ என்ற சிறு இரட்டை மேளம் வாசிப்பவர் அதை வைத்துவிட்டுக் கைமணியை எடுப்பார். மணியின் கனத்த ஒலி 1-இலும் 3-இலும் விழும். அதற்குக் காலைத் தட்டிப் பழகியபின் கையில் கிளாவேயைச் சேருங்கள்.